எச்.டி.ஆரில் விழுந்த அடுக்களை

நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் எங்கள் அடுக்களைச் சுவரில் ஒரு செங்கல்லைக்கூட எவனும் பெயர்க்க முடியாது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு சந்தனமாரி மோட்டாரை அணைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்குச் சொன்னேன்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். சுவரில் சன்னலும் இருக்கிறது. இப்போது அந்தச் சன்னல் வழியாகத்தான் எனக்குக் காபி வருகிறது. சீனி இல்லாமல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடி முத்தையாபுரத்தில். அடுக்களைக்கு ஒரு பின்வாசல் உண்டு. அதைத் திறந்தால் வெளியே வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே அடுப்பு இருக்கிற மூலையில் என்ன இருக்கிறது என்று அந்த அடுப்புக்கே தெரியாது. அவ்வளவு இருட்டு. என் மனைவி ஞானசௌந்தரி கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கிறாள்: கிழக்குப் பக்கச் சுவரில் ஒரு சன்னல்.

"லைட்டப் போட்டுக்கோயேன்ளா!"

"கரண்டு போனா?"

"எப்பவாவதுதான போகுது?"

"போன வாரம் உப்புமா கிண்டும்போது போச்சு. தின்னிய இல்ல? எப்படி இருந்துச்சு?"

எப்படி இருந்தது என்றா கேட்கிறாள். ரவைக்கு உப்புப் போடுவதற்குப் பதிலாக உப்புக்கு ரவை போட்டிருந்தாள். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவனால்கூட அதைத் தின்ன முடியாது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் சன்னலை ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் "ருசியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி, மிச்சத்தையும் தின்று, ஒரு குடம் தண்ணீர் குடித்தேன்.

சன்னலுக்கு எதிராக நான் சொன்ன காரணங்கள் பல. சுவர் பலவீனமாகிவிடும். கள்ளன் வருவான். பூனை வரும். உப்புக்காற்று பட்டு பாத்திரம் துருப்பிடிக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று அவள் சொன்னபோது, தூத்துக்குடி காற்றுக்கு எதுவும் பிடிக்கும் என்று சாதித்தேன்.

உண்மைக் காரணம் வேறு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், ஒரு சந்து. மத்தியானம் கடல்காற்று நேராக அங்கேதான் வந்து அடிக்கும். அங்கே என் மடக்குக் கட்டில். அந்தக் கட்டிலுக்கு அடியில், செங்கலுக்குப் பின்னால், ஒரு தகர டப்பா. அதில் மக்ரூன். எங்கள் ஊர் மக்ரூன். முந்திரியும் சீனியும் முட்டையின் வெள்ளையும் சேர்த்து, கூம்பு கூம்பாக, வாயில் போட்டதும் காணாமல் போகுமே, அதே மக்ரூன். டாக்டர் எனக்கு அதைப் பார்க்கவே கூடாது என்றிருக்கிறார். நான் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

அந்தச் சுவரில் சன்னல் வந்தால் என்ன ஆகும்? என் தூக்கம், என் காற்று, என் மக்ரூன், எல்லாம் அவள் கண் முன்னால் பந்தி விரித்த மாதிரி ஆகிவிடும். ஒரு மனுசனுக்கு இந்த உலகத்தில் இருப்பதே ஒரு சந்துதான். அதையும் விட்டுக்கொடுப்பேனா?

விஷயம் மேல்கோர்ட்டுக்குப் போனது. மேல்கோர்ட்டு என்றால் நாசரேத்தில் இருக்கும் பிளாரன்ஸ் மதினி. சௌந்தரிக்கு அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ரிட்டயர் ஆனது பள்ளிக்கூடத்தில் இருந்துதான், எங்கள் குடும்பத்தில் இருந்து இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் போனில் இரண்டு பக்க வாதத்தையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"கிருபா தம்பி, நீங்க வெளிச்சமா இருக்குன்னு சொல்லுதிய. அவ இருட்டுன்னு சொல்லுதா. நாளைக்குப் பகல்ல, லைட்டப் போடாம, அடுக்களைய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழம் நழுவி வாயில் விழுந்தால்கூட கொஞ்சம் மெல்ல வேண்டும். இது மெல்லாமலே இறங்கியது.

ஏன் என்றால், என் தொழில் அது. நான் கண்டெய்னர் சர்வேயர். ஹார்பருக்கு வருகிற காலிக் கண்டெய்னருக்குள் நுழைந்து, எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே ஓட்டை, எங்கே துரு என்று படம் எடுத்து ரிப்போர்ட் கொடுக்கிறவன். கண்டெய்னருக்குள் நின்று பாருங்கள். கதவுப் பக்கம் சூரியனே நிற்கும். உள்ளே குகை. சாதாரணமாகப் படம் எடுத்தால், கதவு தெரிந்தால் உள்ளே தெரியாது, உள்ளே தெரிந்தால் கதவு வெள்ளைச் சுண்ணாம்பாகப் போய்விடும். அதற்குத்தான் ஆபீசில் எனக்கு ஒரு சின்னக் காமிரா கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதில் எச்.டி.ஆர். என்று ஒன்று இருக்கிறது.

எச்.டி.ஆர். என்றால் என்ன? இதை நான் சௌந்தரிக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். டீயை வைத்துத்தான் சொல்லுவேன்.

"லைட் டீ ஒண்ணு, மீடியம் ஒண்ணு, ஸ்ட்ராங் ஒண்ணு. மூணையும் போட்டு, மூணுலயும் நல்லத மட்டும் எடுத்து ஒரே கிளாசுல ஊத்துனா எப்படி இருக்கும்? காமிரா ஒரே அமுக்குல மூணு படம் எடுக்கும். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிச்சமா. மூணையும் அதுவே உள்ளயே கலந்து ஒண்ணாக்கிரும். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெயிலும் தெரியும், நிழலும் தெரியும்."

"சரி, அந்த டீ கிளாசக் கழுவி வையுங்க."

இதுதான் அவள் பதில். எப்போதும் இதுதான். ஆனால் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

குகை மாதிரிக் கண்டெய்னரையே கல்யாண மண்டபமாகக் காட்டுகிற காமிரா, என் அடுக்களையைக் காட்டாதா? படத்தில் பளிச்சென்று தெரியும். மதினி பார்ப்பார். "இதுல என்னளா இருட்டு?" என்று தங்கச்சியைக் கேட்பார். கேஸ் தள்ளுபடி. இதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். லைட் போடக்கூடாது என்றுதான் மதினி சொன்னார். எச்.டி.ஆர். போடக்கூடாது என்று சொல்லவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நான் வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சாரம் கட்டிக்கொண்டு காமிராவோடு அடுக்களை வாசலில் நின்றேன். லைட்டை அணைத்தேன். பின்வாசலைத் திறந்துவைத்தேன்.

"சௌந்தரி, அடுப்புப் பக்கத்துல நில்லு. ஆளு நின்னாத்தான் வெளிச்சம் எடுப்பா தெரியும்."

முதல் படம் எடுத்தேன். சபதம் போட்ட படபடப்பில் கை ஆடிவிட்டது. மூன்று படமும் மூன்று இடத்தில் விழுந்து, அடுக்களை முழுவதும் இரட்டை இரட்டையாக நின்றது.

"என்ன, சாமான் எல்லாம் பெருகிப் போச்சு?" என்று எட்டிப் பார்த்தாள். "இந்தக் குக்கர் ரெண்டா ஆனது நல்லதுதான். ஒண்ணுக்கு வாசர் போயிட்டு."

"கை ஆடுனா அப்படித்தான் விழும். இரு."

இரண்டாவது படம். கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு ஆடாமல் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் உப்பு ஜாடியை எடுக்க நகர்ந்தாள். படத்தைப் பார்த்தேன். எனக்கு வேர்த்தது. சுவர் சுவராக இருக்கிறது, அடுப்பு அடுப்பாக இருக்கிறது. சௌந்தரி மட்டும் மூன்று பேர். கண்ணாடி மாதிரி, உடம்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற டப்பா எல்லாம் தெரிகிற மாதிரி, மூன்று சௌந்தரி வரிசையாக நிற்கிறார்கள்.

"இது என்ன கோலம்?"

"அசைஞ்சா அப்படித்தான் ஆகும். ஒண்ணுல இங்கன நிக்க, ஒண்ணுல அங்கன நிக்க. அது எல்லாத்தையும் சேத்து வச்சிரும். இதுக்குப் பேரே பேய் விழுறதுன்னுதான் சொல்லுவாவ. எச்.டி.ஆருக்கு இது ஒண்ணுதான் ஆகாது. அசையுறது ஆகாது."

"அப்ப பிளாஷ் போடுங்களேன்."

"எச்.டி.ஆர். போட்டா பிளாஷ் எரியாது. ஒனக்கு எத்தன தடவ சொல்லுதது?" என்று சலித்துக்கொண்டேன். "ஒருத்தியச் சமாளிக்கவே எனக்குத் தெம்பில்ல. மூணு பேரா நின்னா நான் எங்கன போவேன்? அசையாம நில்லு தாயே."

அவள் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். சமத்தாக யோசனை சொன்னாள்.

"காமிராவக் கையில வைக்காதிய. இந்த அரிசி டப்பா மேல வையுங்க. டைமர்னு ஒண்ணு வைப்பியளே, அதப் போடுங்க. நான் செல மாதிரி நிக்கேன். இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. அடுப்பு, சிலிண்டர் எல்லாம் முழுசாத் தெரியட்டும். மூலையில கெடக்குறது வரைக்கும் தெரியுதுன்னு அக்கா பாக்கட்டுமே."

பார்த்தீர்களா! தன் கேசுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுகிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் சொல்லைக் கேட்டு அசையாமல் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அரிசி டப்பா மேல் காமிராவை வைத்தேன். டைமர் போட்டேன். டிக், டிக், டிக். காமிரா கொஞ்ச நேரம் உள்ளுக்குள் அரைத்தது. படம் வந்தது.

ஆண்டவரே, என்ன படம்! பின்வாசலுக்கு வெளியே முருங்கை மரம் இலை இலையாகத் தெரிகிறது. உள்ளே அடுப்பு, பாத்திரம், மசால் டப்பா, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் தெரிகிறது. என் வீட்டு அடுக்களை இவ்வளவு பெரியது என்றே எனக்கு அப்போதுதான் தெரியும். உடனே போனுக்கு மாற்றி, குடும்ப குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "லைட் போடாமல் எடுத்தது. தீர்ப்பு மதினி கையில்."

போய் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"கிருபா தம்பி!"

"சொல்லுங்க மதினி. பளிச்சுன்னு இருக்கா?"

"பளிச்சுன்னுதான் இருக்கு. அந்த சிலிண்டர் பக்கத்துல, டியூப்பு இருக்குல்லா, அத நல்லாப் பெருசாக்கிப் பாருங்க."

பெரிதாக்கினேன். சிலிண்டரில் இருந்து அடுப்புக்குப் போகிற ரப்பர் டியூப். அதன் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, எலி கடித்துக் குதறியிருக்கிறது. ரப்பர் பிய்ந்து, உள்ளே இருக்கிற கம்பி வலை வெளியே தெரிகிறது.

சிரிப்பாக எழுதிக்கொண்டே வந்தேனே, அந்த நிமிஷம் சிரிப்பு இல்லை. விடிந்ததும் விடியாததுமாக அவள் அந்த இருட்டில் போய்த்தான் தீக்குச்சி உரசுகிறாள். நான் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்து காபி கேட்கிறேன். "ஏளா, அடுப்புப் பக்கம் போகாத!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

நான் போவதற்குள் அவள் சிலிண்டரை மூடிவிட்டாள். டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எம்மா! இங்கன பாருங்க! சவத்த எலி எப்படித் தின்னுருக்கு!"

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க," என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "நெதம் இதுக்குப் பக்கத்துலதான் நிக்கேன். ஒங்க காமிராவுக்குத் தெரிஞ்சது என் கண்ணுக்குத் தெரியலையே. படத்துல வெளிச்சம் இருக்கு. அடுக்களையில இருக்கா?"

எச்.டி.ஆரைப் பற்றி நூறு தடவை பாடம் நடத்தியவன் நான். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. காமிரா படத்துக்குத்தான் வெளிச்சம் கொடுக்கும். அறைக்குக் கொடுக்காது. போன வருஷம் ஆபீசிலேயே இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்டெய்னர் கதவை மூடிவிட்டு உள்ளே நின்று, ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. அதையும் எச்.டி.ஆரில் எடுத்துத் தொலைத்தேன். உள்ளே பட்டப்பகலாக விழுந்தது. "கதவத் தொறந்து வச்சுக்கிட்டு யாரு வே சோதன பண்ணச் சொன்னா?" என்று மேனேஜர் பிய்த்து எடுத்தார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

"நாளைக்கே கொத்தனாரு வருவாரு," என்றேன். "ஒன் உசுர விடவா எனக்குச் சந்து பெருசு?"

"சந்தா? எந்தச் சந்து?"

"ஒண்ணும் இல்ல. சுவரு. சுவரச் சொன்னேன்."

"சரி, எந்திரிங்க. நீங்க போயிக் கொத்தனாரப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. டியூப்ப நான் மாத்திக்கிடுதேன்."

நான் கொத்தனாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அடுப்பில் புது டியூப் பளபளவென்று மின்னியது. சோறும் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன சுறுசுறுப்பு என்று மனசுக்குள் பாராட்டினேன்.

அந்த வாரத்தை எப்படிக் கடத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். சுவரை இடித்தார்கள். புழுதியில் என் கட்டில் வெள்ளை ஆனது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. நாய் மாதிரி வீடு முழுக்க மோந்துகொண்டு திரிந்தேன். பெருங்காயம் மணத்தால்கூட "கேசு, கேசு" என்று பாய்ந்தேன். தூக்கத்தில் எழுந்து போய் சிலிண்டரைத் தடவிப் பார்த்தேன். எலிப்பொறி வாங்கி, அதில் என் கட்டைவிரலே முதலில் மாட்டியது. மக்ரூன் டப்பாவைத் தொடவே தோன்றவில்லை. என் கவலை எந்த அளவுக்கு இருந்தது என்று இதிலிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

சன்னலுக்குக் கம்பி வைக்க ஆள் வந்தபோது, "நெருக்கமா வையும், கள்ளன் வருவான்" என்றேன். சௌந்தரி குறுக்கே வந்தாள். கீழே ஒரு மூலையில் இரண்டு கையையும் வட்டமாக வைத்துக் காட்டினாள்.

"இங்கன மட்டும் இம்புட்டு எடம் விட்டுருங்க."

"எதுக்குளா?"

"நீங்க சந்துல படுத்திருந்தா காபி குடுக்க வேண்டாமா?"

காபி டம்ளருக்கு அவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர் தப்பிய பிறகு பெண்டாட்டிக்கு நம் மேல் பிரியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்தது. காமிராவில் இடம் இல்லை. பழைய படங்களை அழிக்கலாம் என்று ஒரு காலிக் கண்டெய்னருக்குள் நிழலில் உட்கார்ந்து, வேண்டாததை அழித்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பக்கத்தில் யார்டு கிளார்க் காசிலிங்கம் வடை தின்றுகொண்டே எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அதென்ன பேய்க்கை?"

"எது?"

"இப்பத் தள்ளுனியளே, அது. பின்னால போங்க."

பின்னால் போனேன். எங்கள் அடுக்களை. நான் எடுத்த படம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கோயிலுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தது. காமிராவில் நேரம் போட்டிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று படம். முதல் படம் கை ஆடி எடுத்தது. இரண்டாவதில் சிலிண்டர் மூலை மட்டும். நல்ல புது டியூப் அழகாக இருக்கிறது. எலி கடிக்காதது. மூன்றாவதில் அதே புது டியூப்புக்கு மேல், எலி கடித்த பழைய டியூப். அதை வாகாகச் சாய்த்து வைக்கிற ஒரு கை. அசைந்துகொண்டிருந்த கை. அதனால் பேயாக விழுந்திருக்கிறது. ஒரு கைக்கு மூன்று கை. கண்ணாடி மாதிரி மூன்று கை. மூன்றின் மணிக்கட்டிலும் ஒரு பச்சை ரப்பர் பேண்டு.

பார்சல் பொட்டலத்தில் வருகிற ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்கிற பழக்கம் இந்தத் தூத்துக்குடி ஜில்லாவிலேயே யாருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"யாரு கை அண்ணாச்சி?" என்றான் காசிலிங்கம்.

"எங்க வீட்டுப் பேய்."

கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. வந்தது வேறு. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. என் வீட்டு டியூப்பை எலி கடிக்கவே இல்லை! என் சௌந்தரி ஒரு நாளும் அந்த ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கவே இல்லை! அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், கண்டெய்னர் முழுவதும் அது எதிரொலித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தேன். அதுவும் எதிரொலித்தது. காசிலிங்கம் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு பைய வெளியே போய்விட்டான்.

கோபம் வீட்டுக்குப் போகிற வழியில்தான் வந்தது. என் காமிரா! என் எச்.டி.ஆர்.! நான் சொல்லிக்கொடுத்த பாடம்! இருட்டில் இருப்பதைக் காட்டும் என்பது தெரிந்து மூலையில் வைத்திருக்கிறாள். அசைந்தால் படம் கெட்டுவிடும் என்பது தெரிந்து சிலையாக நின்றிருக்கிறாள். பிளாஷ் எரிந்து மூலை என் கண்ணில் பட்டுவிடாது என்பதையும் நான்தான் வாயால் சொன்னேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்தேன். காமிராவைப் பிரிட்ஜ் மேல் வைத்தேன். யார்டு புழுதி போகக் குளித்தேன். சண்டைக்குப் போகிறவன் சுத்தமாகப் போக வேண்டும். பிறகு சந்துக்குப் போய், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சன்னலைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வெளிச்சம் பட்டு, நன்றாகத்தான் இருந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சௌந்தரி, ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அந்த எலி கடிச்ச டியூப்பு யாரு வீட்டு டியூப்பு?"

அழுவாள், மழுப்புவாள், குறைந்தபட்சம் கத்தியைக் கீழே வைப்பாள் என்று பார்த்தேன்.

"சந்தனமாரி வீட்டு டியூப்பு," என்றாள், நறுக்கிக்கொண்டே. "அவ மாத்திட்டுத் தூரப் போட வச்சிருந்தா. நான்தான் வாங்கியாந்தேன். நம்ம டியூப்பு ரெண்டு மாசத்துக்கு முந்தியே மாத்துனதுல்லா? நீங்கதான பில்லுல கையெழுத்துப் போட்டிய?"

போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டே போட்டேன்.

"மதினிக்கும் தெரியுமா?"

"போட்டோவுக்கு யோசன சொன்னதே அக்காதான்."

மேல்கோர்ட்டே எதிர்க்கட்சி! நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"எல்லாம் செஞ்சியே, அந்தப் பேய்க்கைப் படத்த அழிக்க ஒனக்குத் தெரியலையே! மாட்டிக்கிட்டியா?"

"அழிக்கத் தெரியாமயா? குப்பைத்தொட்டி பொம்மைய அமுக்கணும். அவ்வளவுதான?" அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல அழிக்கத்தான் போனேன். நீங்க தரையில உக்காந்தியளா, அதப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நீங்க இம்புட்டுப் பயப்படுவியன்னு நெனைக்கல. சரி, எப்படியும் பழைய படத்தப் பாப்பிய, பாத்தா நிம்மதியாயிருவியன்னு அழிக்காம விட்டேன். நீங்க என்னன்னா வாரம் பூரா சிலிண்டர மோந்து மோந்து பாக்கிய, காமிராவப் பாக்கவே மாட்டேங்கிய. நான்தான் காத்துக் கெடக்கேன்."

இதற்கு என்ன சொல்லுவீர்கள்? ஏமாற்றினதும் அவளே. ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க வைத்ததும் அவளே. நான் கண்டுபிடித்தேன் என்கிற பெருமைகூட எனக்கு மிஞ்சவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும், எனக்கு மனசு லேசாக இருந்தது. அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. சந்தில் காற்றும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் மக்ரூனும் இருக்கிறது. சன்னலில் இருந்து பார்த்தால் கட்டில் மேல்பக்கம்தான் தெரியும், அடிப்பக்கம் கும்மிருட்டு. நான் அதை முதல் நாளே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். போகட்டும், சன்னல் அவளுக்கு, இருட்டு எனக்கு.

"சரி, போனது போகட்டும்," என்று பெரிய மனசோடு சொன்னேன். "நீ ஜெயிச்சிட்ட."

"அப்பம் அந்த டப்பாவ எடுங்க."

"எந்த டப்பா?"

"கட்டிலுக்கு அடியில, செங்கலுக்குப் பின்னால இருக்குற டப்பா."

"அங்கன ஒண்ணும் இல்லளா. வெறும் இருட்டுல்லா இருக்கு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், பிரிட்ஜ் மேல் இருந்து காமிராவை எடுத்துவந்து, கம்பி வழியாக நீட்டினாள்.

"கடைசிப் படத்தப் பாருங்க. நீங்க குளிக்கும்போது எடுத்தது."

பார்த்தேன். சந்துக்கு வெளியே வெயில் தெரிந்தது. கட்டிலின் கால் தெரிந்தது. அடியில் செங்கல் தெரிந்தது. செங்கலுக்குப் பின்னால் டப்பா, டப்பா மூடியில் ஒட்டியிருந்த மக்ரூன் துணுக்கு வரைக்கும் தெரிந்தது. பேய்க்கை ஒன்றுகூட இல்லை. கை நன்றாகப் பழகிவிட்டது அவளுக்கு.

நான் குனிந்து டப்பாவை எடுத்தேன். கம்பிக்குக் கீழே, மூலையில், காபி கொடுப்பதற்காக விட்ட அந்த இடத்தில் நீட்டினேன். டப்பா இடிக்காமல், உரசாமல், அளவெடுத்த மாதிரி உள்ளே போனது.